மலையில் செவிலியர் ஏன் நிலைப்பதில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உதகையில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை 2025 ஏப்ரல் 6 அன்று முதலமைச்சர் திறந்துவைத்தது முதல், நீலகிரியின் மருத்துவ வசதிகள் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. கட்டடம், ஸ்கேன் கருவிகள், சிறப்பு மருத்துவர் பணியிடங்கள் ஆகியவை குறித்து விரிவாகவே எழுதப்படுகிறது. அந்த 700 படுக்கைகளின் அருகே இரவும் பகலும் நிற்க வேண்டிய செவிலியர்களைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் நான் படித்ததில்லை. இந்த மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் செவிலியராகவும் பின்னர் செவிலியர் கண்காணிப்பாளராகவும் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மலை மாவட்டத்தில் செவிலியர் போதவில்லை என்றால், அதைக் காலிப் பணியிடங்களை நிரப்பினால் தீர்ந்துவிடும் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது. செவிலியரின் வேலை எது என்பதை நிர்வாகம் தெளிவாக வரையறுத்து, அந்த வேலையைச் செய்ய அவரை அனுமதிக்காதவரை, எத்தனை பேரை நியமித்தாலும் அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் அவர்கள் மலையிறங்கிக்கொண்டேதான் இருப்பார்கள்.

பற்றாக்குறை உலகெங்கும் உள்ளது என்பது உண்மையே. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2023இல் உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருந்தனர். இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்பட்டனர். ஆனால் உலகக் கணக்கைச் சொல்லி உள்ளூர்க் குறையை நியாயப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். போதனா மருத்துவமனையின் பொதுப் பிரிவில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர், இதற்கு மேல் விடுப்பில் செல்வோருக்கு ஈடாக 30 விழுக்காடு கூடுதல் பணியிடங்கள் என்று இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவுகோல் நம்மிடம் உள்ளது. இரவு நேரத்தில் ஏதேனும் ஓர் அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவுக்குள் சென்று பார்ப்பவர் எவருக்கும் அந்த அளவுகோல் எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே குறை ஆளின்மையில் அன்று, கணக்கிலேயே இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்பது தமிழகத்தின் நெடுநாள் ஏற்பாடு. வீட்டில் நடந்த பிரசவங்களை மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததில் அந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் நாளொன்றுக்குக் காலை, மாலை, இரவு என மூன்று முறைப்பணி, வாரத்துக்கு 21. மூவர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஏழு. அதாவது மூன்று பணியிடங்களும் நிரம்பியிருந்து, எவருக்கும் காய்ச்சல்கூட வராமல் இருந்தாலும், ஒருவருக்கும் வார விடுப்பு கிடையாது. வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுத்தாலே நான்கு பேர் வேண்டும்; தற்செயல் விடுப்பையும் ஈட்டிய விடுப்பையும் சேர்த்தால் நான்கும் போதாது. 2021 ஜூலை முதல் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு ஓராண்டாக உயர்த்தப்பட்டது. மிக நல்ல முடிவு அது. ஆனால் இளம் பெண்களே பெரும்பான்மையாக உள்ள ஒரு பணியில், அந்த ஓராண்டுக்குப் பதிலியை நியமிக்க வழி செய்யாததால், விடுப்பில் செல்பவர் உடன் பணியாற்றுவோரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல விடைபெற வேண்டியிருக்கிறது. தாய்மார்களைக் காக்கும் பணியில் இருப்பவருக்கு இந்த நிலை வரக் கூடாது.

சமவெளியில் இக்குறையை ஓரளவு சமாளிக்கலாம். பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் அழைத்தால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார். குந்தா பகுதியில் அது நடக்காது. மஞ்சூருக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு மாலைப் பேருந்தை விட்டால் மறுநாள்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்து சாலைகள் அறுந்து கிடந்தபோது, பணியில் இருந்தவரே தொடர்ந்து பணியில் இருந்தார். அவரை விடுவிக்க ஒருவரும் மேலே வர முடியவில்லை. பர்லியாறு சாலையிலோ நடுவட்டம் சாலையிலோ மண் சரியும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறிய அளவில் இதுவே நடக்கிறது. மலை மக்களுக்குச் சாலைத் தொலைவைக் கருதித்தான், சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால் மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்று விதி செய்தார்கள். நிலையத்தின் எண்ணிக்கையில் காட்டிய அந்தக் கரிசனத்தை உள்ளே பணியாற்றும் செவிலியரின் எண்ணிக்கையிலும் காட்டியிருக்க வேண்டும்.

இனி, செவிலியரின் வேலை என்ன என்பதற்கு வருகிறேன். மருத்துவர் எழுதியதைக் கொடுப்பதும், ஊசி போடுவதும், டிரிப்ஸ் மாற்றுவதும்தான் அது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். அவை வேலையின் வெளியே தெரியும் பகுதி. செவிலியரின் உண்மையான தொழில், நோயாளியை இடைவிடாமல் கவனித்து, நேற்றிருந்ததற்கும் இன்றிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மற்ற எவரையும்விட முன்னதாக அறிந்து, அது பொறுத்திருக்கக் கூடியதா, உடனே மருத்துவரை எழுப்ப வேண்டியதா என்று முடிவெடுப்பது. பிரசவமான முதல் இரண்டு மணி நேரத்தில் கால் மணிக்கு ஒருமுறை தாயின் அடிவயிற்றில் கைவைத்துக் கருப்பை இறுகியிருக்கிறதா, தளர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே நாடித்துடிப்பு ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தைக் கண்டுகொள்பவர் அந்தத் தாயைக் காப்பாற்றுகிறார். அதே நேரத்தில் அடுத்த அறையில் வேறொரு பெண்ணுக்கு வலி முற்றி, வெளிநோயாளிப் பிரிவில் மூச்சுத்திணறலோடு ஒரு முதியவர் வந்து, மூவருக்கும் ஒருவரே செவிலியராக இருந்தால், அந்தக் கால் மணிக் கணக்கு முதலில் தவறும். தவறியது கேஸ் ஷீட்டில் தெரியாது.

நீலகிரிக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டையும் சொல்கிறேன். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோய் அரிவாள் செல் இரத்தசோகை. இந்தியாவில் அதற்கான மரபுக்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் பணியாற்றிய செவிலியர் எவருக்கும் அந்த நோயாளிகளைத் தெரியும். குளிர் கூடும் மாதங்களிலும், உடலில் நீர் குறையும்போதும், காய்ச்சலின் போதும் எலும்பைப் பிளப்பதுபோன்ற வலி அவர்களுக்கு வரும். வெளிப்பார்வைக்குக் காயம் எதுவும் இராது. பழக்கமில்லாதவர், இந்தப் பிள்ளை மிகைப்படுத்துகிறது என்று எண்ணி ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். பழகிய செவிலியர் உடனே கம்பளி போர்த்தி, நீரேற்றி, வலிக்கான மருந்துக்கு மருத்துவரை அழைத்து, மூச்சின் வேகத்தையும் உயிர்வளி அளவையும் பார்க்கத் தொடங்குவார். ஏனெனில் அந்த வலி மார்புக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். அரிவாள் செல் நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கப்பட்டு, பரிசோதனைகள் நடப்பது மகிழ்ச்சிக்குரியது. பரிசோதனை முடிந்த பிறகு அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் அறிந்து வைத்திருக்கப் போவது யார் என்பதே என் கேள்வி. ஆண்டுக்கொருவர் வந்து போகும் இடத்தில் இந்த அறிவு சேர்வதில்லை. மலையில் செவிலியர் நிலைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இது என் போன்றவரின் உணர்ச்சி மட்டுமன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதைக் காட்டியது. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்விலும் அதே 7 விழுக்காடு வந்தது. செவிலியரின் கவனிப்பை எண்ணில் அளந்து, அதற்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை நிறுவிய ஆய்வுகள் இவை.

அந்தக் கவனிப்புக்கு நம் செவிலியருக்கு நேரம் எங்கே? மருந்துக் கிடங்குக்கு இன்டென்ட் எனும் தேவைப் பட்டியல் எழுதுவது, இருப்புப் பதிவேடு, துணிப் பதிவேடு, உணவுப் பட்டியல், கர்ப்பிணிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றுவது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கான தாள்களைத் திரட்டுவது, பழுதான படுக்கைக்கும் எரியாத விளக்குக்கும் புகார் எழுதுவது, ஆய்வுக் குழு வரும் வாரத்தில் பதிவேடுகள் அத்தனையையும் திருத்தி அடுக்குவது என அலுவலக உதவியாளர், மருந்தாளுநர், கணினி இயக்குநர், மேற்பார்வையாளர் ஆகியோருக்கு உரிய வேலைகள் ஒவ்வொன்றாக வார்டு மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டன. எந்த வேலைக்கு ஆளில்லையோ அது செவிலியரின் வேலை என்று ஆகிவிட்டது. ஒரு பணியிடம் காலியானால் அதன் சுமையை யாரிடமேனும் ஒப்படைக்கும்போது, மறுத்துப் பேச வாய்ப்பில்லாதவரிடம் ஒப்படைப்பது நிர்வாகத்துக்கு எளிது.

நான் கண்காணிப்பாளராக இருந்த ஒரு மருத்துவமனையில் தென்மாவட்டம் ஒன்றிலிருந்து வந்த இளம் செவிலியர் ஒருவர் பணியில் சேர்ந்தார். நான்காண்டுப் பட்டப்படிப்பில் சிறந்த மதிப்பெண் பெற்றவர். இதயத்துடிப்பு வரைபடத்தை எங்களில் பலரைவிட நன்றாகப் படிப்பார். சில மாதங்களில் இடமாற்ற விண்ணப்பத்தோடு என் முன்னே நின்றார். குளிரா, தனிமையா என்று கேட்டேன். "குளிர் பழகிடுச்சு மேடம். ஆனா நான் என்ன படிச்சேன்னு எனக்கே மறந்துடும்போல இருக்கு" என்றார். மலைப்பகுதியில் செவிலியர் தங்காததற்குக் குளிரையும் தொலைவையும் காரணம் காட்டும் அதிகாரிகள் ஒவ்வொருவரும் அந்தப் பெண்ணின் பதிலைக் கேட்டிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கடினமான வேலை மட்டும் ஒருவரைத் துரத்திவிடுவதில்லை. கற்ற தொழிலைச் செய்ய விடாமல், அதே நேரத்தில் ஓயாமல் வேலை வாங்குவதுதான் துரத்துகிறது.

இதன்மேல் ஒப்பந்த முறை வந்து சேர்ந்தது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015இல் தேர்வெழுதி வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். இரண்டாண்டு முடிந்ததும் பணி நிரந்தரம் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட வாக்கு. அந்த வாக்கு நிறைவேறவில்லை என்றுதான் 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். ஊதியம் பின்னர் 14,000 என்றும் 18,000 என்றும் உயர்ந்தது. ஆனால் ஒரே வார்டில், ஒரே பொறுப்பில், நிரந்தரச் செவிலியர் பெறுவதில் சிறு பகுதியைப் பெற்றுக்கொண்டு ஒருவர் பணியாற்றும் நிலை மாறவில்லை. கொரோனாக் காலத்தில் அவசரமாக அழைத்துச் சேர்க்கப்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31உடன் ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லப்பட்டது. பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து நின்ற அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சீசன் வந்தால் வீடுகள் எல்லாம் விடுதிகளாக மாறும் உதகையிலும் குன்னூரிலும், தொகுப்பூதியத்தில் வாடகை கொடுத்து, கம்பளியும் விறகும் வாங்கி, ஊருக்கும் பணம் அனுப்பி வாழ்வது எப்படி என்பதை இதற்கான ஆணையில் கையெழுத்திடுவோர் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

தனியார் மருத்துவமனைகளிலும் நிலை மேலானதன்று. உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவின்பேரில் அமைந்த குழு, ஐம்பது படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மலையிலுள்ள சிறு மருத்துவமனைகளில் இந்தத் தொகையைப் பெறுபவரை நான் தேடித்தான் காண வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தருவதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கியது. அந்தத் தோட்ட மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் பல தலைமுறைக் குழந்தைகளைக் கையில் ஏந்திய செவிலியர்கள் இருந்தார்கள். பல தோட்டங்களில் இன்று மருந்தறைக் கதவு மட்டுமே இருக்கிறது.

எனவே, ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு நம் பிள்ளைகள் வெளிநாடு செல்வதை நான் குறைகூற மாட்டேன். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே அதற்குப் பயிற்சி தருகிறது. அங்கே செல்லும் செவிலியர் ஊதியத்தைப் பற்றி எழுதுவதைவிட, நோயாளியின் நிலையைக் குறித்துத் தங்கள் கருத்தை மருத்துவர் அமர்ந்து கேட்கிறார் என்பதைத்தான் எனக்கு வியப்போடு எழுதுகிறார்கள். அந்த ஒரு மரியாதையை இங்கே தருவதற்கு நிதித்துறையின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. வார்டைச் சுற்றிவரும் காலைப் பார்வையின்போது, இரவுப் பணியில் இருந்த செவிலியரை முதலில் பேசச் சொன்னால் போதும். புதிய படுக்கைகள் சேர்க்கப்படும்போதும் புதிய பிரிவு தொடங்கப்படும்போதும், எத்தனை செவிலியர் தேவை என்று செவிலியர் கண்காணிப்பாளரிடம் எழுத்து வடிவில் கருத்துக் கேட்கும் வழக்கமும் நம்மிடம் வேரூன்றவில்லை. 1947ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. கல்வித் தரத்தையும் பதிவையும் அது சீர்செய்யட்டும். ஆனால் தகுதியை உயர்த்திவிட்டு அதிகாரத்தைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தால், படித்தவர் மனம் கசப்பதுதான் மிஞ்சும்.

வழி இல்லாமல் இல்லை. 1990இல் தொடங்கப்பட்ட கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில், பழங்குடிக் குடும்பங்களின் இளம்பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்து, மருத்துவமனையை அவர்கள் கையில் வளரவிட்டார்கள். பணியர் குடியிருப்பிலிருந்து வரும் கர்ப்பிணிக்குத் தன் மொழியில் பேசும் செவிலியர் இருந்தால், அவர் மருத்துவமனைக்கு வரத் தயங்குவதில்லை. பாதியில் எழுந்து போவதும் இல்லை. அங்கே பணியாற்றுபவருக்கு அது ஊர். அடுத்த கலந்தாய்வு வரை தங்கும் இடமன்று. இதை ஒரு தொண்டு நிறுவனத்தின் தனிச் சாதனையாகப் பாராட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. படுகர் ஊர்களிலும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் தோட்டக் குடியிருப்புகளிலும், இருளர், குறும்பர், பணியர் பாடிகளிலும் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பெண்கள் இருக்கிறார்கள். பசுந்தேயிலை விலை வீழ்ந்த ஆண்டுகளில் அவர்களது பெற்றோர் கடன்பட்டுச் சமவெளியில் தனியார் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். படித்து முடித்தவர்கள் கோவையோடு நின்றுவிட்டார்கள். இம்மாவட்டத்து மாணவியருக்கு அரசுச் செவிலியர் படிப்பில் தனி இடங்கள் ஒதுக்கி, படிப்புச் செலவை அரசே ஏற்று, முடித்ததும் காலமுறை ஊதியத்தில் இங்கேயே பணி தந்தால், ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றத்தைக் காணலாம்.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் உள்ளன. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மூன்று என்பதை ஐந்து செவிலியர் என்று உயர்த்த வேண்டும். மகப்பேறு விடுப்புக்குப் பதிலியை மாவட்ட அளவில் நிரந்தரமாகவே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு எழுத்தரைத் தந்து, பதிவேடுகளையும் காப்பீட்டுத் தாள்களையும் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஓர் எழுத்தரின் சம்பளத்தில் பல செவிலியர்களின் நேரம் நோயாளிக்குத் திரும்பக் கிடைக்கும். மருத்துவமனையை ஒட்டியே குடியிருப்புகள் வேண்டும். மலையில் ஐந்தாண்டு பணியாற்றியவருக்கு மேற்படிப்பிலும், விரும்பும் இடத்துக்கு மாறுதல் பெறுவதிலும் முன்னுரிமை தந்தால், இங்கே வருவதைத் தண்டனையாக எவரும் கருத மாட்டார்கள்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் உலக செவிலியர் தினமான மே 12 அன்று நாங்கள் மெழுகுவத்தி ஏந்தி உறுதிமொழி எடுக்கும் படத்தை வெளியிட்டு, எங்கள் தியாகத்தைப் பாராட்டுகிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆயினும், தியாகம் என்று சொல்லும்போது, ஓய்வின்றி உழைப்பதும் குறைந்த ஊதியம் பெறுவதும் இத்தொழிலின் இயல்பு என்று வாசகர் எண்ணிவிடுகிறார். அதற்கு மாறாக, ஒரு செவிலியர் எதைக் கண்டுபிடித்தார், எந்த முடிவை எடுத்தார், அதனால் எந்த நோயாளி பிழைத்தார் என்பதை எழுதுங்கள். பெண் பிள்ளைகள் அதைப் படித்து இத்தொழிலைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அதோடு, மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு கேள்வியை நீங்கள் தொடர்ந்து கேட்க வேண்டும். நீலகிரியின் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஒப்பளிக்கப்பட்ட செவிலியர் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, அவற்றுள் ஒப்பந்தத்தில் இருப்போர் எத்தனை பேர், இன்றைய இரவுப் பணியில் எந்த வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர் என்ற விவரத்தை, மருந்து இருப்புப் பலகையைப் போல, நுழைவாயிலிலேயே நாள்தோறும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். உதகையின் புதிய மருத்துவமனையிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.